‘ஆண்மைக்குறைவு’ எண்டு எழுதாதீங்கோ, தம்பி

எங்கட பக்கம் பஸ்ஸில் போய்வருகிற எல்லாருக்கும் அந்தச் சுவரொட்டி தெரிந்திருக்கும். மின்கம்பத்திலோ மதகிலோ ஒட்டியிருக்கும். ‘ஆண்மைக்குறைவா? கவலை வேண்டாம்!’ கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

அதைப் பார்த்துச் சிரிக்காத பெடியன் இல்லை. கிரிக்கெட்டில் லேசான பிடியைத் தவறவிட்டவனுக்கும், காதலைச் சொல்லப் பயந்தவனுக்கும், ஜிம்முக்கு ரெண்டு நாள் போய் மூன்றாம் நாள் நின்றவனுக்கும் எங்கள் விடுதியில் அந்த இலக்கத்தைத்தான் சிபாரிசு செய்வார்கள். வீரம், உழைப்பு, மீசை, கட்டில், பிள்ளை எல்லாவற்றையும் ‘ஆண்மை’ என்ற ஒரே சாக்குக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறோம்.

எச்.ஐ.வியோடு வாழும் ஆண்களுக்கு உடலில் ஒரு ஹோர்மோன் குறைகிறபோது, அந்த முழுச் சாக்கும் அவர்களுடைய தலையில் எப்படி விழுகிறது என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

கடந்த வருடம் டிசம்பர் 1, உலக எயிட்ஸ் தினத்துக்காக மாணவர்கள் சிலர் சேர்ந்து ஒரு துண்டுப்பிரசுரம் செய்தோம். கலைப்பீடத்துக்காரன் என்பதால் தமிழ் பார்க்கிற வேலை என்னிடம் வந்தது. எங்கள் கைக்குக் கிடைத்த பழைய தமிழ்ப் பிரதி ஒன்றில், ‘எச்.ஐ.வி தொற்றுள்ள ஆண்களுக்கு ஆண்மைக்குறைவு ஏற்படலாம்’ என்று ஒரு வரி இருந்தது. ஆங்கில மூலத்தில் இருந்ததோ, டெஸ்டொஸ்டெரோன் அளவு குறையலாம் என்பது மட்டும்தான்.

பிரதியை வாசித்துப் பார்க்க, தொற்றோடு வாழ்கிற ஒருவரே சம்மதித்து வந்தார். அவரை இங்கே அண்ணா என்றே சொல்கிறேன். வயது, தொழில், ஊர் ஒன்றையும் எழுதப்போவதில்லை. இதை அவரிடம் வாசித்துக் காட்டிய பிறகுதான் அனுப்புகிறேன். அவர் அந்த வரியில் விரலை வைத்தார்.

“தம்பி, இதை ஆண்மைக்குறைவு எண்டு எழுதாதீங்கோ. இரத்தத்தில இரும்பு குறைஞ்சா மனிசத்தன்மை குறைஞ்சிட்டுது எண்டு எழுதுவீங்களோ?”

எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்த விசயத்தை ஒழுங்காகத் தேடி வாசிக்கத் தொடங்கினேன்.

*

இந்த ஹோர்மோனின் கதை ஒரு கோழிக்கூட்டில் தொடங்குகிறது. 1849இல் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆர்னோல்ட் பெர்தோல்ட் என்ற ஆய்வாளர் இளம் சேவல்களின் விதைகளை அகற்றினார். விதையிழந்தவற்றின் கொண்டை சுருங்கியது. கூவுவது, சண்டை பிடிப்பது, பேடுகளைத் துரத்துவது எல்லாம் நின்றது. வேறு சிலவற்றுக்கு விதையைத் திரும்ப வயிற்றுக்குள் வைத்தார். அவை வழமையான சேவல்களாகவே வளர்ந்தன. நரம்புத் தொடர்பு அறுந்த பிறகும் இது நடந்ததால், விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தம் வழியாகப் போகிறது என்ற முடிவுக்கு வந்தார். அந்த ஏதோ ஒன்றை 1935இல்தான் ஆம்ஸ்டர்டாமில் ஏர்ன்ஸ்ட் லகூரின் குழு பிரித்தெடுத்தது. 100 கிலோ காளை விதையிலிருந்து கிடைத்தது வெறும் 10 மில்லிகிராம். டெஸ்டொஸ்டெரோன் என்ற பெயர் அப்போது வந்ததுதான்.

விதை தன்பாட்டில் வேலை செய்வதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலமஸ் கபச்சுரப்பிக்குச் சொல்ல, கபச்சுரப்பி இரத்தம் வழியாக விதைக்குச் சொல்ல, விதை ஹோர்மோனைச் சுரக்கும். இரத்தத்தில் போதியளவு சேர்ந்ததும் மூளை, ‘இனிக் காணும்’ என்று கட்டளையைக் குறைத்துவிடும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி பழுதானாலும் அளவு குறையும்.

எச்.ஐ.வி இதில் பல இடங்களில் கை வைக்கிறது. உடல் நீண்டகாலம் நோயோடு மல்லுக்கட்டும்போது, சாப்பாடு சேராமல் எடை இறங்கும்போது, மூளை செலவைச் சுருக்குகிறது. வீட்டில் காசு முட்டுப்பட்டால் முதலில் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கிற யோசனையைத்தானே கைவிடுவோம். அதுமாதிரி உயிர் பிழைக்கிறதே பாடாக இருக்கும்போது பிள்ளை பெறுகிற வேலைக்கான கட்டளையை மூளை குறைத்துவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு நடப்பது இதுதான். விதை நன்றாகத்தான் இருக்கும், மேலிருந்து உத்தரவு வராது. குறைவான பேருக்கு விதையே பாதிக்கப்படுவதும் உண்டு. எதிர்ப்புச்சக்தி மிகவும் இறங்கிய நேரத்தில் வருகிற வேறு தொற்றுகள் அங்கேயும் போய் இருந்துவிடும்.

மருந்துகளும் சேர்ந்துகொள்ளும். பங்கசு நோய்க்கு விழுங்குகிற கீற்றோகொனசோல், பசியைத் தூண்டுவதற்குக் கொடுத்த மெஜெஸ்ட்ரோல், அபின் வகை வலி மருந்துகள் மூன்றுமே டெஸ்டொஸ்டெரோனைக் குறைக்கக்கூடியவை. எச்.ஐ.விக்கென்றே பல வருடங்கள் பரவலாகக் கொடுக்கப்பட்ட எஃபாவிரென்ஸ் சில ஆண்களுக்கு மார்பு வீக்கத்தை உண்டாக்கியது. சட்டையைக் கழற்றிக் கிணற்றடியில் குளிக்கிற ஊரில் அது ஒரு ஆணுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எண்பதுகளின் அமெரிக்காவில் இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. மருந்தில்லாத காலம். ஆட்கள் எலும்பும் தோலுமாக உருகிப்போனார்கள். 1988இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் டொப்ஸும் அவரது குழுவும் ஆண் நோயாளர்களின் ஹோர்மோன்களை அளந்து வெளியிட்டார்கள். எயிட்ஸ் நிலையிலிருந்தவர்களில் பாதிப்பேருக்கு டெஸ்டொஸ்டெரோன் குறைவாக இருந்தது. தசை கரைவதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று விளங்கத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

1996இல் கூட்டு மருந்துச் சிகிச்சை வந்தது. ஆட்கள் சாவிலிருந்து எழும்பி வந்தார்கள். ஹோர்மோன் குறைபாடும் முன்பைவிடக் குறைந்தது. ஆனால் முற்றாகப் போகவில்லை. மருந்து ஒழுங்காக எடுத்து, வைரஸ் அடங்கி, எடையும் கூடிய ஆண்களிலும் ஒரு பகுதியினருக்கு அது தங்கிவிடுகிறது. ஆண்களுக்கு வயது போகப் போக மெதுவாக இறங்குகிற ஹோர்மோன் இது. இவர்களில் சிலருக்கு அந்த இறக்கம் வேளைக்கே வந்துவிடுகிறது.

*

அண்ணாவின் கதை இந்த இரண்டாம் காலத்துக்கு உரியது. தொற்றுத் தெரிந்து, மருந்து தொடங்கி, சில மாதங்களில் வைரஸ் இரத்தத்தில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கிவிட்டது. கிளினிக்கில் எல்லாருக்கும் சந்தோசம். “றிப்போட் வடிவாத்தான் இருந்தது. நான்தான் வடிவா இல்லை” என்றார்.

காலையில் எழும்பவே அலுப்பு. முன்பு ஒரே மூச்சில் தூக்குகிற சாமான் இப்போது இரண்டு தரம் இளைப்பாறக் கேட்டது. சின்ன விசயத்துக்கும் கோபம், பிறகு ஒன்றிலும் பிடிப்பில்லாத ஒரு வெறுமை. மனைவியின் பக்கம் திரும்பிப் படுக்கவும் மனம் வரவில்லை. இரண்டு வருடம் அப்படியே போனது.

“அவ கேட்கேல்ல. நானும் சொல்லேல்ல. என்ர மனச்சாட்சிதான் என்னைத் தின்னுது எண்டு நினைச்சன். செய்ததுக்குக் கிடைச்ச தண்டனை எண்டு நினைச்சன். ஹோர்மோன் எண்டு ஒரு சாமான் இருக்கிறது எனக்கு நினைவிலயே வரேல்ல.”

இந்த இடத்தில்தான் எனக்கு விசயத்தின் பாரம் விளங்கியது. டெஸ்டொஸ்டெரோன் குறைவின் அறிகுறிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அலுப்பு, தசை மெலிவு, பாலியல் நாட்டம் குறைவது, விறைப்புக் குறைவது, மனச்சோர்வு, நித்திரைக் குழப்பம், இரத்தச்சோகை, எலும்பின் அடர்த்தி குறைவது. இவற்றில் ஒன்றுகூட ‘நான்தான் ஹோர்மோன்’ என்று பெயர்ப்பலகை மாட்டிக்கொண்டு வருவதில்லை. கடன் தொல்லைக்கும் இதே முகம். மனச்சோர்வு நோய்க்கும் இதே முகம். குற்ற உணர்ச்சிக்கும் இதே முகம். எங்கள் சமூகம் எச்.ஐ.வி வந்த ஒருவருக்குக் குற்ற உணர்ச்சியை முதல் நாளே கையில் கொடுத்து அனுப்புகிறது. அவர் தன் அலுப்புக்குக் காரணம் தேடும்போது முதலில் தட்டுப்படுவதும் அதுதான்.

வைத்தியரிடம் கேட்டீங்களா என்று கேட்டேன். “எனக்குத் தெரிஞ்ச சிங்களத்தில பஸ் ரிக்கெற் எடுக்கலாம். இதைக் கதைக்கேலாது. தமிழ் தெரிஞ்ச பிள்ளை ஒண்டு நிண்டது. என்ர தங்கச்சியின்ர வயசு. அதுக்கு முன்னால என்னண்டு சொல்லுறது?” அவர் போய்வந்த கிளினிக்கின் பெயர் இங்கே தேவையில்லை. எந்தக் கிளினிக்காக இருந்தாலும் அந்த மேசைக்கு முன்னால் இருக்கிற தமிழ் ஆணுக்குச் சொல்கிறதுக்கு ஒரு சொல் வேண்டும். எங்களிடம் இருக்கிறதோ மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிற சொல். அதைச் சொன்னால் நோயைச் சொன்னதாகாது, தோல்வியை ஒப்புக்கொண்டதாகத்தான் ஆகும்.

பிறகு ஒரு புது வைத்தியர் தானாகவே கேட்டாராம்: “உங்கட குடும்ப வாழ்க்கை எப்பிடிப் போகுது?” ஐந்து சொல்லுக் கேள்வி. இரத்தம் எடுத்துப் பார்க்க எழுதிக் கொடுத்தார்.

*

அந்தப் பரிசோதனையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. டெஸ்டொஸ்டெரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அதனால் காலை 10 மணிக்கு முன், வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும். ஒருநாள் குறைந்திருந்தால் போதாது, இன்னொரு நாளும் பார்த்து உறுதி செய்ய வேண்டும். ஒரு டெசிலீற்றருக்கு 300 நானோகிராம் என்பது பரவலாகப் பாவிக்கிற எல்லைக்கோடு.

எச்.ஐ.வியோடு இருப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இந்த ஹோர்மோனில் பெரும்பகுதி இரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் போகும். அதில் ஒரு புரதம் அதை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். பஸ் நிறையச் சனம் இருக்கிறது, ஆனால் இறங்கி வேலைக்குப் போனவர்கள்தானே வேலை செய்வார்கள்? தொற்றுள்ள ஆண்களில் அந்தப் புரதம் பலருக்குக் கூடுதலாக இருக்கும். அதனால் மொத்த அளவு ‘நோர்மல்’ என்று வந்தாலும், பிரிந்து நின்று வேலை செய்கிற பங்கு குறைந்திருக்கலாம். மொத்தத்தை மட்டும் பார்த்து, ‘உங்களுக்கு ஒண்டுமில்லை’ என்று அனுப்பினால், அந்த ஆள் மறுபடியும் தன் மனச்சாட்சியிடம்தான் போய் நிற்பார்.

*

கலைப்பீடத்தில் பால்நிலை பற்றிப் படிக்கிறவர்களுக்கு இந்தக் கதையில் சுவையான ஒரு அத்தியாயம் இருக்கிறது. அன்ட்ரூ சலிவன் என்ற எழுத்தாளர், பிரித்தானியாவில் பிறந்து அமெரிக்காவில் எழுதுகிறவர், தனக்கு எச்.ஐ.வி இருப்பதை வெளிப்படையாகச் சொன்னவர். தொற்றினால் டெஸ்டொஸ்டெரோன் குறைந்ததால் இரண்டு கிழமைக்கு ஒருதரம் தனக்குத் தானே ஊசி ஏற்றிக்கொண்டார். அந்த அனுபவத்தை 2000 ஏப்ரலில் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் நீண்ட கட்டுரையாக எழுதினார். ஊசி போட்டதும் வருகிற உற்சாகம், கூடுகிற தசை, ஆசை, பொறுமையின்மை, தெருவில் ஒருவரோடு கைகலப்பின் விளிம்புவரை போனது எல்லாம் அதில் வருகிறது.

அதோடு நின்றிருந்தால் நல்ல அனுபவக் கட்டுரை. அவர் அங்கிருந்து, ஆணும் பெண்ணும் வேறுபடுவதற்கும், அதிகாரத்தில் ஆண்கள் கூட இருப்பதற்கும் இந்த ஹோர்மோனே பெரிய காரணம் என்கிற இடத்துக்குத் தாவினார். விஞ்ஞானிகள் பலர் மறுத்தார்கள். உயிரியலாளர் ரொபேர்ட் சபோல்ஸ்கி அதற்கு முன்பிருந்தே எழுதி வந்த விசயம்: டெஸ்டொஸ்டெரோன் வன்முறையை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கிற போக்கின் சத்தத்தைக் கூட்டத்தான் செய்யும். 2019இல் ரெபேக்கா ஜோர்டன்-யங், கத்ரீனா கர்காசிஸ் இருவரும் இந்த ஹோர்மோனைச் சுற்றிக் கட்டிய கதைகளுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார்கள்.

நான் இந்த விவாதத்தில் இரண்டாம் பக்கம்தான். ஆனாலும் சலிவனை என்னால் தூக்கி எறிய முடியவில்லை. உடம்பு ஒரு கட்டுக்கதை என்று புத்தகத்தில் எழுதலாம். இரண்டு வருடம் கட்டிலை விட்டு எழும்ப அலுத்த ஒருவரிடம் போய் அதைச் சொல்லேலாது. ஹோர்மோன் ஒரு பொருள். அது குறைந்தால் தசையும் எலும்பும் மனநிலையும் உண்மையாகவே பாதிக்கப்படும். ‘அதனால் நீ ஆம்பிளை இல்லை’ என்பதுதான் நாங்கள் சேர்த்த கதை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால் பொருளுக்கும் வைத்தியம் பார்க்கேலாது, கதையையும் விடேலாது.

*

வைத்தியம் இருக்கிறது. ஊசியாகவும், தோலில் பூசுகிற ஜெல்லாகவும் டெஸ்டொஸ்டெரோனைத் திருப்பிக் கொடுக்கலாம். எடை இழந்த, அளவு குறைந்த ஆண்களுக்குத் தசை கூடுவதை 1998இல் ஸ்டீவன் கிரின்ஸ்பூன் குழுவின் ஆய்வு காட்டியது. 2000இல் சலீந்தர் பாசின் குழு இன்னொரு கேள்வி கேட்டது: ஊசியா, பளு தூக்குகிற பயிற்சியா? அளவு குறைந்த, எடை இழந்த ஆண்களில் இரண்டுமே தனித்தனியாகத் தசையையும் பலத்தையும் கூட்டின. இரண்டையும் சேர்த்துச் செய்தபோது ஒன்றைத் தனியாகச் செய்ததைவிடப் பெரிதாக மேலதிக பலன் வரவில்லை.

ஜிம் பெடியள் இதை வாசித்துவிட்டு யாரிடமாவது ஊசி வாங்கப் போகவேண்டாம். அளவு சரியாக உள்ள ஒருவர் வெளியிலிருந்து இதை ஏற்றினால், நான் மேலே சொன்ன சங்கிலி இருக்கிறதல்லவா, மூளை ‘இனிக் காணும்’ என்று கட்டளையை நிறுத்திவிடும். விதை சுருங்கும். விந்தணு உற்பத்தி விழும். இரத்தம் தடிக்கவும் கூடும். இதுதான் மின்கம்பத்துச் சுவரொட்டி சொல்லாத விசயம்: ஆண் ஹோர்மோன் ஊசி தற்காலிகக் கருத்தடை மாதிரி வேலை செய்யக்கூடியது. அதனால் பிள்ளை வேண்டும் என்று இருக்கிற ஒருவருக்கு யோசிக்காமல் இதைக் கொடுக்கேலாது. மேலிருந்து உத்தரவு வராததுதான் பிரச்சினை என்றால், விதையைத் தூண்டுகிற வேறு மருந்துகள் உண்டு. பசி மருந்தோ வலி மருந்தோ காரணம் என்றால் அதை மாற்றிப் பார்க்கலாம். எது பொருந்தும் என்று சொல்ல வேண்டியவர் வைத்தியர். ஆனால் ‘எனக்குப் பிள்ளை வேணும்’ என்று அவரிடம் சொல்ல வேண்டியவர் நோயாளி.

எச்.ஐ.வி வந்த ஆணுக்குப் பிள்ளையா என்று புருவம் உயர்த்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒழுங்காக மருந்தெடுத்து வைரஸ் கண்டறிய முடியாத அளவில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகத் தொற்று மற்றவருக்குப் போகாது. 2016இலும் 2019இலும் வெளியான பார்ட்னர் ஆய்வுகள் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கான தம்பதிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து, அப்படியான ஒரு தொற்றைக்கூடக் காணவில்லை. இலங்கையில் 2004இலிருந்து இந்த மருந்துகள் இலவசம். தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் எங்களை உறுதிப்படுத்தியது. இவ்வளவும் சாதித்த நாட்டில், ஒரு ஆண் தன் படுக்கையறை பற்றிக் கதைக்கத் தமிழில் ஒரு அமைதியான மூலை கிடைக்காமல் தவிக்கிறார்.

ஆணோடு உறவுள்ள ஆண்களுக்கு அந்த மூலை இன்னும் ஒடுக்கம். 1883இல் பிரித்தானியர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவின் நிழலில் வளர்ந்த ஒருவர், ‘எனக்கு ஆசை குறைஞ்சிட்டுது’ என்று சொல்லத் தொடங்கினால், ‘யாரில ஆசை?’ என்ற கேள்வி வரும் என்று பயப்படுவார். அந்தப் பயத்திலேயே பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

துண்டுப்பிரசுரத்தில் கடைசியாக நாங்கள் எழுதியது இதுதான்: ‘எச்.ஐ.வியோடு வாழும் ஆண்களில் சிலருக்கு டெஸ்டொஸ்டெரோன் என்ற ஹோர்மோன் குறையலாம். தொடர்ந்து அலுப்பு, தசை மெலிவு, மனச்சோர்வு, பாலியல் நாட்டக் குறைவு இருந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இதற்குப் பரிசோதனை உண்டு. சிகிச்சையும் உண்டு.’ அழகான தமிழ் என்று சொல்லமாட்டேன். ஆனால் கிளினிக் மேசையில் அந்தத் தாளை வைத்து, வாய் திறக்காமலே விரலால் தொட்டுக் காட்டலாம். அதுவும் அண்ணா சொன்ன யோசனைதான்.

அவருடைய முதல் பரிசோதனையில் அளவு குறைவாக வந்திருக்கிறது. இரண்டாவதுக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள். அவரும் மனைவியும் பிள்ளை ஒன்றுக்கு ஆசைப்படுவதால் ஊசி பற்றி இப்போதைக்கு முடிவில்லை, வேறு வழி பார்ப்போம் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் பின்னேரங்களில் வீட்டு முற்றத்தில் இரண்டு தண்ணிக் கானைத் தூக்கி இறக்கிக்கொண்டு இருக்கிறாராம்.

“அவ கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து எண்ணுவா, தம்பி. பத்துக்குப் பிறகு பொய் சொல்லுறா. பதினொண்டை ரெண்டு தரம் எண்ணுறா.”